மணி கேட்டதா, கேட்டதாமா?

ஷெஃபீல்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறீர்கள். அங்கே 1937இல் பிறந்த ஒரு ஆங்கிலேயப் பாட்டி, தன் சிறுவயது ஊர் இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது என்று உங்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். தேவாலயக் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது, ராத்திரியில் அடியிலிருந்து மணி கேட்டது, எங்கள் வீடு கூரையோடு அப்படியே உள்ளே இருக்கிறது, தாத்தாவின் கல்லறையைத் தோண்டி உடலை வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள், விமானங்கள் புகைபோக்கியை உரசுவது போலப் பறந்தன. இதையெல்லாம் தமிழில் எழுதிவைக்க ஆசைப்படுகிறீர்கள். இதில் எதை நம்புவது, பாட்டிக்கு மறதி தொடங்கிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஒருவருடைய குழந்தைப் பருவ நினைவை ஓர் ஊரின் வரலாறாக எழுதலாமா? அதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன். மறதியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, நான் மருத்துவன் அல்ல. டார்பிஷர், ஷெஃபீல்ட் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து, பழைய ஆவணங்களோடு ஒத்துப் பார்ப்பதை இருபது வருடத்துக்கு மேல் வேலையாகச் செய்தவன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் கோபுரம் என்றதுமே தெரிந்துவிட்டது. அது டெர்வென்ட். ஷெஃபீல்டிலிருந்து மேற்கே ஸ்னேக் சாலையில் போனால் லேடிபவர் நீர்த்தேக்கம் வருமே, அதற்குள் இரண்டு கிராமங்கள் போயின. ஆஷப் ஆறு டெர்வென்ட் ஆற்றோடு சேரும் இடத்தில் ஆஷாப்டன், அதற்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் டெர்வென்ட். ஷெஃபீல்ட், டார்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் ஆகிய நான்கு நகரங்களும் தண்ணீருக்குத் தவித்தன. 1899இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் டெர்வென்ட் பள்ளத்தாக்குக்கென ஒரு நீர் வாரியம் உருவானது. அந்த வாரியம் முதலில் மேலே ஹௌடன் அணையையும் டெர்வென்ட் அணையையும் கல்லால் கட்டி, 1912இலும் 1916இலும் முடித்தது. அவற்றைக் கட்டிய தொழிலாளர் குடும்பங்களுக்காகப் பிர்ச்சின்லீ என்று ஒரு தகர ஊரே எழுந்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் நெளிதகரத்தில். வேலை முடிந்ததும் ஊரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே வளர்ந்த குழந்தைகளின் நினைவைப் பதிவு செய்தவர்கள் மிகக் குறைவு. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அந்தத் தலைமுறை போய்விட்டது, உங்கள் பாட்டி இருக்கிறார்.

இரண்டு அணைகளும் போதவில்லை. 1935இல் லேடிபவர் அணை வேலை தொடங்கியது. அது மண் அணை, நடுவில் களிமண் சுவர். ஏறக்குறைய 2,800 கோடி லிட்டர் பிடிக்கும். 1943 மார்ச்சில் தண்ணீர் ஏறத் தொடங்கி, நிரம்ப இரண்டு வருடம் எடுத்தது. 1945 செப்டம்பர் 25 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்துவைத்தார். நீங்கள் ஷெஃபீல்டில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் ஒரு பங்கு இன்றும் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வருவதுதான். வெளியேறிய குடும்பங்களில் பலருக்கு அணைக்குக் கீழே யார்க்‌ஷயர் பிரிட்ஜ் என்ற இடத்தில் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். பாட்டியின் குடும்பமும் அங்கே போயிருந்தால், அவர் தன் பழைய ஊர் மூழ்குவதை ஒருநாள் காட்சியாகப் பார்த்திருக்க மாட்டார். ஆறு வயதிலிருந்து எட்டு வயது வரை, பள்ளிக்கூடம் போகிற வருகிற நாட்களில், கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்திருப்பார். இதை மனதில் வைத்துக்கொண்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இப்போது ஒவ்வொன்றாக. கோபுரம் உண்மை. புனித யாக்கோபு, புனித யோவான் பெயரில் டெர்வென்டில் 1867இல் கட்டிய தேவாலயம் அது. ஊசிக் கோபுரம் சில வருடம் கழித்துச் சேர்ந்தது. கடைசி வழிபாடு 1943 மார்ச் 17 அன்று நடந்தது. தேவாலயத்தை இடித்தபோது கோபுரத்தை மட்டும் ஊரின் நினைவாக விட்டுவைத்தார்கள். தண்ணீர் ஏறிய பிறகு அது நீர்த்தேக்கத்தின் நடுவில் தனியாக நின்றது. பிறகு பாதுகாப்பைக் காரணம் காட்டி 1947 டிசம்பர் 15 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1937இல் பிறந்த ஒருவருக்கு அப்போது பத்து வயது. எனவே அவர் கோபுரத்தைத் தண்ணீரில் பார்த்தேன் என்று சொன்னால் அதைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை. ஆனால் இதே கதையை 1950இல் பிறந்தவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், கண்ணால் கண்டதாகவே. பொய் சொல்லவில்லை அவர்கள். கோபுரம் தண்ணீரில் நிற்கும் புகைப்படம் ஒன்று இந்தப் பகுதியில் எங்கும் உண்டு. கடைகளில், சாப்பாட்டு விடுதிச் சுவர்களில், வாழ்த்து அட்டைகளில். சிறுவயதிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, அப்பா அம்மா சொன்னதையும் சேர்த்து, தானே கரையில் நின்று பார்த்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. கோடையில் தண்ணீர் வற்றினால் இன்றும் கோபுரம் தெரியும் என்று சொல்பவர்கள்கூட இருக்கிறார்கள். அது தெரியாது, போய்விட்டது.

மணி விஷயம் அப்படி இல்லை. தேவாலயத்து மணியை முன்பே இறக்கி எடுத்துவிட்டார்கள். அது டார்பி நகரத்துச் சாடஸ்டன் பகுதியில் புனித பிலிப்பு தேவாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தண்ணீருக்கு அடியில் அடிக்க மணி இல்லை. மூழ்கிய ஊர் என்று ஒன்று இருந்தால் அதன் அடியில் மணி அடிக்கும் என்ற கதையும் கூடவே இருக்கும். இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் டன்விச் என்ற ஊரைக் கடல் தின்றுவிட்டது. அங்கேயும் இதே கதை உண்டு. அதனால் மணிக் கதையை ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. இதில்தான் உங்கள் வேலையின் முக்கியமான இடம் இருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் "மணி அடித்தது" என்று பாட்டி சொல்கிறார். அதைத் தமிழில் எழுத நீங்கள் பேனாவை எடுத்ததும், ஆங்கிலம் கேட்காத ஒரு கேள்வியைத் தமிழ் கேட்கும். மணி கேட்டது என்று எழுதுவதா, கேட்டதாம் என்று எழுதுவதா? நம் மொழியில் ஒரு சின்ன "ஆம்" போதும், நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று ஆகிவிடும். நம் வீடுகளில் பாட்டிகள் கதை சொல்லும்போது இந்த எல்லையைத் தவறாமல் காத்துத்தான் பேசுவார்கள். "வெள்ளம் வந்துச்சாம், மாடெல்லாம் போயிடுச்சாம், நான் அப்ப கைக்குழந்தை" என்பார்கள். ஆங்கிலத்திலும் அதைச் சொல்ல முடியும்தான், ஆனால் சொல்லியே ஆக வேண்டும் என்ற பழக்கம் இல்லை. அதனால் எண்பது வருடத்தில் பார்த்ததும் கேட்டதும் ஒரே வினைச்சொல்லில் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அந்த "ஆம்" எங்கே வர வேண்டும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பாட்டியிடமே கேளுங்கள். உண்மையா பொய்யா என்று கேட்க வேண்டாம். அப்போது நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், முதலில் யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று கேளுங்கள். "என் அண்ணன் என்னைப் பயமுறுத்தச் சொல்வான்" என்று ஒரு பதில் வந்தால், உங்களுக்குக் கிடைத்திருப்பது மணியின் வரலாறு இல்லை. ஊரை இழந்த பிள்ளைகள் படுக்கையில் படுத்துக்கொண்டு என்ன பேசினார்கள் என்பதன் வரலாறு. அது எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை.

வீடு கூரையோடு கிடக்கிறது என்பதும் அநேகமாகக் கேட்ட நினைவுதான். இரண்டு கிராமங்களிலும் கட்டடங்களைத் தண்ணீருக்கு முன்பே இடித்துவிட்டார்கள். 1672ஆம் ஆண்டு தேதியிட்ட டெர்வென்ட் மாளிகைகூடத் தப்பவில்லை. 1976இலும் 1995இலும் 2018இலும் வறட்சியில் தண்ணீர் இறங்கியபோது டெர்வென்டில் வெளியே தெரிந்தவை அடித்தளங்கள், சுவர்த் துண்டுகள், கற்குவியல்கள். 2018இல் கூட்டம் கூட்டமாக மக்கள் பார்க்கப் போனார்கள். சேற்றில் சிக்கியவர்களை மீட்புக் குழு வந்து தூக்க வேண்டியிருந்தது, சிலர் அந்தக் கற்களில் கிறுக்கியும் வைத்தார்கள். இன்னொருவர் ஊரின் எலும்பில் எப்படிக் கிறுக்க மனம் வருகிறதோ. ஆஷாப்டன் பக்கம் வண்டல் மூடிவிட்டதால் அப்படி வெளியே வருவதில்லை. ஆனாலும் பாட்டியிடம் போய் உங்கள் வீட்டை இடித்துவிட்டார்கள் என்று சொல்லாதீர்கள். அவருடைய அப்பா அம்மா அதை அவரிடமிருந்து மறைத்திருக்கலாம். ஆறு வயதுப் பிள்ளையிடம் வீடு தண்ணீருக்குள் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கலாம். இது என் ஊகம், அப்படித்தான் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் ஆரம்ப காலத்தில் ஒரு பெரியவரிடம் இந்தத் தவறைச் செய்தேன். இடிந்த சுவரின் புகைப்படத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த ஊரைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. ஒரு தகவலைத் திருத்தப் போய் ஒரு மனிதரின் முழு நினைவையும் இழந்தேன்.

தாத்தாவின் கல்லறை முழுக்க உண்மை. டெர்வென்ட் தேவாலயத் தோட்டத்திலிருந்து ஏறக்குறைய 285 உடல்களைத் தோண்டியெடுத்து பேம்ஃபோர்ட் தேவாலயத் தோட்டத்தில் மறுபடி புதைத்தார்கள். ஷெஃபீல்டிலிருந்து பேம்ஃபோர்டுக்கு ரயில் உண்டு. ஒரு லீவு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பாட்டியிடம் சொல்லுங்கள். அவர் சொன்னாரா தெரியவில்லை, ஊரின் பழைய கல் பாலத்தையும் அப்படியே காப்பாற்றினார்கள். பொதிகுதிரைகள் போவதற்கான குறுகலான பாலம். ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டுக் கழற்றி எடுத்து வைத்து, பல வருடம் கழித்து 1959இல் ஹௌடன் நீர்த்தேக்கத்தின் தலைமாட்டில் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் மறுபடி கட்டினார்கள். டெர்வென்ட் கிராமத்தில் பாட்டி கைவைத்துத் தொட்டிருக்கக்கூடிய பொருட்களில் ஒன்றான அது இன்றும் வெயிலில் நிற்கிறது.

விமானங்கள் பற்றிக் கொஞ்சம் கவனம் வேண்டும். 1943 வசந்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் 617ஆம் ஸ்குவாட்ரன் லங்காஸ்டர் விமானங்களை மிகத் தாழ்வாக ஓட்டி டெர்வென்ட் அணையின் மேல் பயிற்சி எடுத்தது உண்மை. ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்கும் அந்தத் தாக்குதல் மே 16 இரவு நடந்தது. டெர்வென்ட் அணைக்கு இரண்டு கோபுரங்கள் உண்டு, அவர்கள் தாக்கப் போன மோனே அணைக்கும் அப்படித்தான். பாட்டிக்கு அப்போது ஆறு வயது, அல்லது நெருங்கியிருக்கும். பார்த்திருக்க முடியும். ஆனால் அந்தத் தாக்குதலைப் பற்றிய திரைப்படத்துக்காக 1954இலும் லங்காஸ்டர்கள் இதே பள்ளத்தாக்கில் தாழ்வாகப் பறந்தன. ஒரு விவசாயி என்னிடம் ஆட்டு மந்தை சிதறி ஓடியதை அவ்வளவு துல்லியமாகச் சொன்னார். விமானத்தின் நிழல் மேட்டில் ஏறி வந்ததைக்கூடச் சொன்னார். போர்க்காலம் என்று உறுதியாக நம்பினார். அவர் பிறந்த வருடம் 1949. அவர் பார்த்தது உண்மையான விமானம், உண்மையான நிழல், உண்மையான ஆடுகள். வருடம் மட்டும்தான் தவறு. எனவே பாட்டியிடம் வருடத்தைக் கேட்காதீர்கள். அப்போது எந்த வீட்டில் இருந்தீர்கள், எந்த டீச்சரிடம் படித்தீர்கள், உங்கள் தம்பி தங்கை பிறந்துவிட்டார்களா என்று கேளுங்கள். வருடம் தானாக வரும்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொன்னால், பிள்ளை நினைவு வாசனையிலும் சத்தத்திலும் அன்றாட வழக்கத்திலும் வலுவானது, தேதியிலும் வரிசையிலும் அளவிலும் பலவீனமானது. மூன்று வயதுக்கு முந்தைய நினைவு என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் பிறர் சொன்னது. தினமும் தண்ணீர் எங்கிருந்து எடுத்தோம், திங்கட்கிழமை துணி துவைக்கும்போது அம்மாவின் கை எப்படிச் சிவந்திருக்கும், எந்த வாசலில் எந்த நாய் குரைக்கும் என்பதெல்லாம் நூறு தடவை நடந்தவை. அவற்றை அநேகமாக நம்பலாம். ஒரே ஒரு தடவை நடந்த பெரிய சம்பவம், அதுவும் ஊரே பேசிய சம்பவம் என்றால், அதில் மற்றவர்களின் குரல் நிறையக் கலந்திருக்கும். நாம் பொதுவாக மாற்றி நினைக்கிறோம், பெரிய சம்பவம்தான் பிசகாமல் நிற்கும் என்று.

தேதியைக் கட்டிப்போட இந்தப் பகுதியில் சில நல்ல முளைக்குச்சிகள் உண்டு. 1940 டிசம்பர் 12, 15 ஆகிய இரு இரவுகளில் ஷெஃபீல்ட் மேல் குண்டு விழுந்தது. 1947 ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை பனி மூடிக் கிடந்தது, மலைப் பண்ணைகளில் ஆடுகள் ஏராளமாகச் செத்தன. அந்தப் பனியில் கோபுரம் நின்றதா என்று கேளுங்கள். நின்றது என்றால் கணக்குச் சரி, அது விழுந்தது அந்த வருடக் கடைசியில்.

சரி, ஆவணங்கள். இங்கே பாட்டியின் நினைவுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றும் புரியும். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இப்போது பார்க்கக் கிடைக்கிறது. 1931 கணக்கெடுப்பின் தாள்கள் 1942 டிசம்பரில் தீயில் எரிந்துபோயின. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. நடுவில் இருப்பது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு மட்டும். அதில் வீடு வீடாகப் பெயர், பிறந்த தேதி, தொழில் இருக்கும். ஆனால் பிறந்து நூறு வருடம் ஆகாமல் இன்னும் உயிரோடு இருப்பவர்களின் வரியை மறைத்திருப்பார்கள். பாட்டியின் வரி கறுப்பாகத்தான் இருக்கும், மேலேயே அவர் அப்பா அம்மாவின் பெயர் இருக்கும். அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டினால் என்ன நடக்கும் என்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெயர்களை வாசிக்கத் தொடங்குவார்கள், பிறகு நிறுத்த முடியாது.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்கள் எழுதிய நாட்குறிப்பேடுகளும் உண்டு, 1860களிலிருந்து அது கட்டாயமாக இருந்தது. பனியால் எத்தனை பிள்ளைகள் வரவில்லை, வைக்கோல் அறுப்புக்கு எப்போது லீவு, யாருக்கு அம்மை என்று நாளுக்கு நாள் இருக்கும். டார்பிஷர் ஆவணக் காப்பகம் மேட்லாக்கில் இருக்கிறது. போவதற்கு முன் எழுதிக் கேளுங்கள், பிள்ளைகளின் பெயர் வரும் ஏடுகளைச் சில வருடம் வரை பார்க்க விடமாட்டார்கள். பண்ணைக் குடும்பம் என்றால் லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1941 முதல் 1943 வரை எடுத்த பண்ணைக் கணக்கெடுப்பு உண்டு. ஐந்து ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணை எல்லாவற்றிலும் எத்தனை மாடு, எத்தனை ஆடு, தண்ணீர் எங்கிருந்து, மின்சாரம் இருந்ததா என்பதுவரை எழுதியிருப்பார்கள். தண்ணீர் ஏறப்போகும் பள்ளத்தாக்குக்கு இதைவிட நல்ல கடைசிப் புகைப்படம் வேறு இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு இரண்டு விஷயம். பாட்டியிடமும் இல்லத்துப் பொறுப்பாளரிடமும் முறையாக அனுமதி வாங்குங்கள். குரலைப் பதிவு செய்வதாக இருந்தால் அது யாரிடம் இருக்கும், பிறகு யார் கேட்கலாம் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம், அவர் சொல்லும்போதே தமிழில் எழுதாதீர்கள். முதலில் அவருடைய ஆங்கிலத்தில், அவருடைய டார்பிஷர் பேச்சிலேயே, திக்கினால் திக்கியபடியே எழுதிவையுங்கள். தமிழாக்கம் தனி நோட்டில் இருக்கட்டும். அதில் நீங்கள் எங்கெல்லாம் "ஆம்" போட்டீர்களோ, ஓரத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். எங்கே அவருக்கே தெரியவில்லையோ அங்கே தெரியவில்லை என்று எழுதுங்கள். நாளைக்கு அவருடைய பேரப்பிள்ளை ஒருவர் அதைத் தேடி வரலாம். அவருக்குப் பாட்டியின் சொல் வேண்டும், உங்களுடைய முடிவு வேண்டாம்.

முதல் நாள் எப்படித் தொடங்குவது என்று கேட்டால், கேள்வியோடு தொடங்காதீர்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்கள் இலவசமாக இருக்கின்றன. ஒரு மைலுக்கு இருபத்தைந்து அங்குல அளவில் டெர்வென்ட் வரும் தாளைத் தேடிப் பெரிதாக அச்சிடுங்கள். தேவாலயம், பாலம், மாளிகை, ஒவ்வொரு வீட்டின் உருவமும் அதில் இருக்கும். நீர்த்தேக்கம் இருக்காது. மேசையில் விரித்து, எழுத்து தெரியும்படி விளக்கைப் போட்டு, பாட்டி கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போனீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.